மாடியில ஆள் இருக்கு

27 ஏப்ரல் 2025, ஞாயிறு. கொடைக்கானல்

வந்து சேர்ந்தாச்சு. சேர்ந்த லட்சணத்தை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

மதுரை விமான நிலையத்தில் டாக்ஸி பிடித்தேன். ஓட்டுநர் நாச்சிமுத்து நல்ல மனுஷன். வத்தலக்குண்டில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் காசு தர விடவில்லை. மலை ஏறுகிற இடத்துச் சோதனைச்சாவடியில் வண்டியை ஓரங்கட்டி இ-பாஸ் கேட்டார்கள். "நான் உள்ளூருங்க" என்றேன். "நீங்க உள்ளூருதாம்மா, வண்டி மதுரை வண்டில்ல?" என்றார் காவலர். அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பிறந்த மலையில் ஏறுவதற்குச் சீட்டா? நாச்சிமுத்து செல்போனை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அடித்தார்.

"எதுக்கு வர்றீங்கன்னு கேக்குது மேடம். சுற்றுலான்னு போட்டுரவா?"

"வீட்டுக்கு வர்றேன்."

"தங்குற எடம்?"

"வீடு."

"வீடுன்னா... ஹோம்ஸ்டேயா மேடம்?"

சிரித்துவிட்டேன். நாயுடுபுரம் வந்து இறங்கியதும் அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டு வாசலில் புதுப் பலகை. பச்சைப் பெயிண்ட், மூலையில் மூன்று இலை. 'ஐரிஷ் காட்டேஜ். 24 மணி நேரமும் வெந்நீர்.' நான் ஒன்பது வருஷம் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு மசித்துக் கட்டிய மாடி அது. "எப்பவாச்சும் ஆள் வந்தா விடுறோம்க்கா" என்று தம்பி டெனிஸ் போனில் சொல்லியிருந்தான். எப்பவாச்சும்! எப்பவாச்சும் வருகிறவனுக்கு எவனாவது பலகை எழுதி மாட்டுவானா?

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தேன். அப்பா ஓடிவந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆக்ஸி, இரு இரு. மாடியில ஆள் இருக்கு."

இரண்டு வருஷம் கழித்து நேரில் பார்க்கிறார். வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

ஹாலில் அம்மா பக்கத்தில் எனக்குப் பாய் விரித்திருக்கிறார்கள். தலைக்கு மேலே பெங்களூர்க்காரர்கள் நாற்காலியைத் தரதரவென்று இழுக்கிறார்கள். தரைக்கு அந்த டைல்ஸைத் தேர்ந்தெடுத்தவளே நான்தான்.

28 ஏப்ரல்

குளிக்க வெந்நீர் கேட்டேன். "கெஸ்ட் குளிச்சிரட்டும் மதினி" என்றாள் டெனிஸ் பெண்டாட்டி பிரின்ஸி. இருபத்து நாலு மணி நேரமும் அவர்களுக்கு. இருபத்தைந்தாவது மணி நேரம் எனக்கு.

30 ஏப்ரல், புதன்

எதற்காக வந்தேன் என்று இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. இங்கேயாவது நேராக எழுதுகிறேன்.

அயர்லாந்துக் குடியுரிமைக்கு நான் போட்ட விண்ணப்பம் தேறிவிட்டது. டிசம்பரில் உறுதிமொழி எடுக்கும் விழா. வருகிறேனா இல்லையா என்று ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். போய்க் கையைத் தூக்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள நம் சட்டத்தில் இடமில்லை. போகவில்லையென்றால், வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக இங்கே வந்துவிடுவது. இது சட்டம் இல்லை, நானே எனக்குப் போட்டுக்கொண்ட கெடு. நடுவில் தொங்கினது போதும். எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது.

ஸ்லைகோ என்கிற கடலோர ஊர். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நான் தலைமைச் சமையல்காரி. என் அடுப்படியில் நான் வைத்ததுதான் சட்டம். மழை பெய்யும், நின்று யோசிக்கும், திரும்பப் பெய்யும். வேலை நாட்களில் எனக்கு ஒன்றும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீடியோவில் அம்மா அழுவாள். "வந்துரு ஆக்ஸி. அங்க என்னத்த வச்சிருக்கு? இருக்கிற கஞ்சியைக் குடிச்சுட்டு எல்லாரும் ஒண்ணா கெடப்போம்." போனை வைத்ததும் நான் அழுவேன். திங்கட்கிழமை ஓட்ஸ் கஞ்சி கிண்டப் போய்விடுவேன்.

போன மாசம் கடையில் பூண்டு வாங்கினேன். வெள்ளை வெளேரென்று, கொழுகொழுவென்று, மோந்து பார்த்தால் ஒரு வாசமும் இல்லை. நம் மலைப்பூண்டை மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கடைசி சீட்டுக்காரன் கூடத் திரும்பிப் பார்ப்பான். அந்த நினைப்பு வந்ததுதான் தாமதம், கடை நடுவில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். பூண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அழுத பொம்பளை இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

ஊர் ஏக்கம் என்று அதற்கு அழகாகப் பெயர் வைக்கிறார்கள். அது வயிற்றுப்போக்கு மாதிரி. எங்கே வரும், எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் மானத்தை வாங்கும்.

3 மே, சனி

வடகவுஞ்சிக்குப் போய்ப் பாண்டிச்செல்வியைப் பார்த்தேன். பிளஸ் டூ வரை ஒரே பெஞ்ச். இப்போது பூண்டுக்காட்டு முதலாளியம்மா.

பஸ்ஸில் ஒரு கூத்து. இறங்கும்போது டிரைவரைப் பார்த்து "தேங்க்ஸ்ணே" என்றேன். ஸ்லைகோவில் எல்லாரும் சொல்வார்கள், சொல்லாமல் இறங்கினால் திமிர் பிடித்தவள் என்று அர்த்தம். இங்கே பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டிரைவருக்கு முகமே மாறிப்போனது.

"எதுக்குத்தா?"

"கொண்டாந்து விட்டதுக்கு."

"எறங்காட்டி எறக்கி விட்டுருப்பேன். இதுக்கெதுக்கு தேங்க்ஸு?" பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் இறங்கி நடக்கும்போது, அவர் சிரிக்காமல் தலையாட்டியிருந்தால் என்ன என்று இருந்தது.

பாண்டிச்செல்வியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். களத்தில் பூண்டுத் தாளைப் பின்னிக்கொண்டே கேட்டாள். நடுவில் நான், "வீட்ல இப்ப மழை ஊத்தும், ஜன்னலச் சாத்தினேனான்னு தெரியல" என்றேன்.

"எந்த வீட்லடி? இங்க வெயிலு மண்டையப் பொளக்குது."

நானும் ஒரு பூண்டுத் தாளை எடுத்துப் பின்ன ஆரம்பித்தேன்.

அவள் விடவில்லை. "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு எத்தன நாளைக்கு நிப்ப? போனா போ. வந்தா வா. ஆனா ஒண்ணு. உங்க வீட்டுல கேட்டியா?"

"எதை?"

"நீ வர்றதைத்தான். அழுவுறதெல்லாம் சரி. வந்துட்டேன்னு ஒருதரம் சொல்லிப் பாரு. அப்பத் தெரியும் சங்கதி."

இவளுக்கு எப்போதும் நாக்கில் சனி. வரும்போது ஒரு பை நிறையப் பூண்டு கொடுத்தாள். பஸ்ஸே மணத்தது. அழுகை வரவில்லை, அதுவும் ஆச்சரியம்தான்.

6 மே, செவ்வாய்

சொல்லிப் பார்த்தேன்.

மதியச் சாப்பாட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். "நான் திரும்பிப் போகல. வந்துட்டேன். இனிமே மாடியில இருந்துக்கிறேன்" என்றேன்.

டெனிஸின் கை ரசத்தில் அப்படியே நின்றது. பிரின்ஸி கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா தலையைத் தூக்கவே இல்லை. நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருஷமாக வா வா என்று அழுத வாய் அல்லவா? அது என்ன சொல்கிறது பார்ப்போம் என்று.

"அவசரப்படாத ஆக்ஸி" என்றாள் அம்மா. "நல்ல வேல. இங்க வந்து என்ன சோலி பாப்ப?"

"அக்கா, தீபாவளி வரைக்கும் புக்கிங் வாங்கியாச்சு" என்றான் டெனிஸ். "இப்பத்தான் ரேட்டிங் ஏறுது."

"சும்மா சொன்னேன்" என்று சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். சிலுவை! பேய் வந்துவிட்டுப் போன வீடு மாதிரி.

ஏம்மா, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அழுதியே, அது என்னம்மா? நடிப்பா? நடிப்புன்னா எனக்கு நிம்மதியா இருக்கும், திட்டிட்டுப் போயிருவேன். அந்த அழுகை நெசம். அதுதான் வயித்தெரிச்சல். நான் இல்லைன்னு அழுகுறதும் நெசம், நான் வந்துரக் கூடாதேன்னு பயப்படுறதும் நெசம். எனக்காக அழ ஒரு இடம் வச்சிருக்காங்க. நான் படுக்கத்தான் இடம் இல்ல.

சரி. அழ மாட்டேன். என்னை அழவைக்கப் பூண்டால்தான் முடியும்.

7 மே

ஏரியைச் சுற்றி நடந்தேன். நாலு பேர் என்னிடம் படகு வேணுமா என்று இந்தியில் கேட்டார்கள். நாலு பேருக்கும் நாயுடுபுரத்துத் தமிழில் பதில் சொன்னேன். அதை எழுதினால் இந்த நோட்டு கெட்டுப்போகும்.

10 மே, சனி

மாடியில் இப்போது கோயம்புத்தூர்க் குடும்பம். அந்த அம்மா காலையில் சமையலறைக்கு வந்து எட்டிப் பார்த்து, "இஞ்சி தட்டிப்போட்டு நாலு டீ கிடைக்குமாம்மா?" என்று கேட்டார். நான் நைட்டியும் ஸ்வெட்டருமாக அடுப்பு முன்னால் நின்றால் வேறு யார் என்று நினைப்பார்? போட்டுக் கொடுத்தேன். டீ விஷயத்தில் நான் யாருக்கும் துரோகம் செய்வதில்லை.

போகும்போது அவர்கள் எழுதிய ரிவ்யூவை டெனிஸ் சந்தோஷமாகக் காட்டினான். 'ரூம் சுத்தம். வியூ சூப்பர். ஆக்ஸிலியா என்கிற வேலைக்காரம்மா மிகவும் அன்பானவர்.' ஐந்து நட்சத்திரம்.

"பாத்தியாக்கா, ஒன் பேரைப் போட்டுருக்காங்க!"

இவனை அடிக்கலாமா கொஞ்சலாமா என்று தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே இவன் இப்படித்தான், கெட்ட எண்ணம் கிடையாது, எண்ணமே கிடையாது.

13 மே, செவ்வாய்

இன்று அப்பாவோடு சண்டை. எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

அப்பாவுக்கு இந்த விஷயம் சுடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று இரண்டு அரசாங்கமும் பேசிப் பிரித்துக்கொண்டபோது, பதின்மூன்று வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏற்றி ராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து இந்த மலைக்கு, வாட்டில் மரத்துப் பட்டை உரிக்க. பிறகு மிஷன் பள்ளிக்கூடத்தில் தோட்ட வேலை. ஐம்பது வருஷம் ஆகியும் தெருவில் நாங்கள் சிலோன்காரர் வீடுதான். இங்கேயே பிறந்த நானும் பள்ளிக்கூடத்தில் 'சிலோன் ஆக்ஸி'. அங்கே போனால் 'இந்தியன் ஆக்ஸி'. முன்னால் ஒரு ஊர் ஒட்டாத வெறும் ஆக்ஸி எங்கேயும் கிடையாது.

வாசலில் செடி வெட்டிக்கொண்டிருந்தார். விழா, உறுதிமொழி, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரி நின்றது.

"கையில இருக்கிறதைக் குடுத்துட்டு?"

"ஆமாப்பா."

"அந்தப் புத்தகத்தை நெஞ்சோட கட்டிக்கிட்டு கப்பல் ஏறுனவன் நான். ஒனக்கு அது கசந்துபோச்சோ?"

"கசக்கலப்பா. ஆனா நான் இருக்கிறது அங்க."

"எங்க பாட்டன் ஒரு நாட்டை விட்டான். நான் ஒரு நாட்டை விட்டேன். நீயும் விடு. நம்ம குடும்பத்துக்கு அதானே வேல!"

எனக்கு அப்போதுதான் பொங்கியது. மாடியில் கெஸ்ட் எட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் கத்தினேன்.

"நீங்க எங்கப்பா விட்டீங்க? உங்களை ஏத்திவிட்டாங்க! உங்க பாட்டனைக் கங்காணி ஏத்திட்டுப் போனான். உங்களை ரெண்டு கவர்மெண்டு சேந்து ஏத்தி அனுப்பிச்சு. ஒருத்தனாச்சும் கேட்டானா, ஏலே அடைக்கலம், நீ எங்கடா இருக்கப்போறேன்னு? என்னைக் கேட்டுருக்காங்கப்பா. நம்ம வம்சத்துலயே மொத ஆளா என்னைக் கேட்டுருக்காங்க. நான் பதில் சொல்லத்தான் செய்வேன்!"

அப்பாவைப் பேர் சொல்லிவிட்டேன். ஏலே வேறு. வாயிலிருந்து போன பிறகுதான் உறைத்தது.

அவர் கத்தவில்லை. கத்தரியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே பேசினார். "நாங்க தோட்டத்து லயன் வீட்டை விட்டு எறங்குன அன்னிக்கு, இன்னும் ரோட்டு மொனைக்குப் போகல. திரும்பிப் பாத்தேன். நாங்க இருந்த ஒத்தை ரூமு, எங்க காம்பராவுலேர்ந்து பொகை வருது. பக்கத்துக் காம்பராக்காரன் அதுக்குள்ள பாயைக் கொண்டாந்து போட்டு அடுப்பைப் பத்த வச்சிட்டான். எங்கம்மா மொழுகி வச்ச அடுப்பு. போறவனுக்கு அவ்வளவுதான் ஆக்ஸி. தெரிஞ்சுக்க."

"எனக்குத் தெரியும்பா" என்றேன். "நீங்க போகும்போதுதான் பொகை வந்துச்சு. நான் வரும்போதே வந்துருச்சு. பெட்டியோட படியில கால் வச்சவகிட்ட மாடியில ஆள் இருக்குன்னு சொன்னது நீங்கதான்."

அவர் கத்தரியைச் செடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் சொன்னதில் தப்பில்லை. தப்பில்லை. அவர் முகம்தான் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

16 மே

அப்பா என்னிடம் பேசுவதில்லை. பிரின்ஸிதான் தூது. "அவகிட்ட சொல்லு, பால் பொங்குதுன்னு." பால் பொங்குவது எனக்கு மூன்றடி தூரத்தில்.

20 மே, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். எழுதினால் பின்வாங்க முடியாது, அதற்காகவே எழுதுகிறேன்.

போகிறேன். கையைத் தூக்குவேன். இந்த வீட்டில் கோபித்துக்கொண்டு போகவில்லை. கோபம் இருக்கிறது, அது வேறு கணக்கு. யோசித்துப் பார்த்தால் நான் வந்த நாளிலிருந்து ஜன்னலைச் சாத்தினேனா, பாத்திரம் தேய்க்கிற மெஷினைச் சரிசெய்தார்களா, வெள்ளிக்கிழமை மீன் சமைக்கும்போது மீன் ஆகாத கிழவருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்றுதான் மனசு ஓடுகிறது. அங்கே இருந்தால் இங்கே ஓடும். இங்கே இருந்தால் அங்கே ஓடும். இந்த ஓட்டம் நிற்காது போலிருக்கிறது. நிற்காவிட்டால் போகட்டும், நான் ஏன் அதற்காகக் குந்திக்கொண்டு அழ வேண்டும்? எங்கே என் அடுப்பு எரிகிறதோ அங்கே இருந்துகொண்டு ஏங்கிக்கொள்கிறேன்.

ஆனால் போகிறவள் துடைத்துவைத்துவிட்டுப் போக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? காலைச் சாப்பாட்டில் அதையும் சொன்னேன்.

"டெனிஸ், டிசம்பர்ல நான் அந்த ஊர்க்காரியாகப் போறேன். அங்கயேதான் இருக்கப்போறேன். ஆனா மாடி இனிமே வாடகைக்கு இல்ல. மே மாசம் வர்ற கெஸ்ட் வந்துட்டுப் போகட்டும். அதுக்குமேல வாங்குன புக்கிங்கை எல்லாம், பின்னாடி சாமான் கெடக்குற ரெண்டு ரூமை ஒழிச்சு அதுக்கு மாத்து. அது உனக்கு. பலகை உனக்கு. வெந்நீர் உனக்கு. மாடி எனக்கு."

"அக்கா, நீதான் போறியே! பூட்டிப்போட்டு யாருக்கு?"

"எனக்கு."

"வருசத்துல பதினோரு மாசம் சும்மா கெடக்கும்க்கா!"

"கெடக்கட்டும்."

"எந்தக் கூறுகெட்டவனாவது சீசன்ல மாடியைப் பூட்டிப்போடுவானா?"

"கூறுகெட்டவளுக்குத் தம்பிதானே நீ? பழகிக்க."

அம்மா அழ ஆரம்பித்தாள். எந்த அழுகை என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை, எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். "நீ வராட்டியும் கஷ்டம், வந்தாலும் கஷ்டம், நான் என்ன செய்வேன் தாயி" என்றாள். இந்த வீட்டில் முதல்முறையாக ஒருத்தர் உண்மையைப் பேசினார். கட்டிக்கொண்டேன். அவள் மேல் பூண்டு வாசம் அடித்தது. ஆமாம், அழுதேன். போகட்டும்.

அப்பா இட்லியை முடித்துவிட்டுக் கைகழுவப் போனார்.

1 ஜூன், ஞாயிறு

நேற்றோடு கெஸ்ட் எல்லாம் காலி. மாடியில் படுத்தேன். குளிர் எலும்பில் ஏறுகிறது, ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை, குழாய் ஒழுகுகிறது. கட்டின கொத்தனாரைப் பேர் சொல்லித் திட்டினேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை ஒரு நாள் சந்திக்க வேண்டும்.

காலையில் மாடி அடுப்பில் நானே காப்பி போட்டேன். ஸ்லைகோவுக்கும் பதில் அனுப்பிவிட்டேன். வருகிறேன் என்று.

7 ஜூன், சனி

கிளம்புகிறேன். ஸ்வெட்டர் ஒன்றை மாடிக் கொடியிலேயே விட்டுவிட்டேன். ஈரம் காயவில்லை, பெட்டியிலும் இடமில்லை. சாவியை அம்மாவிடம் கொடுத்தேன்.

அப்பா வாசலுக்கு வரவில்லை. மாடியில் குழாய் ஒழுகுகிறதாம், பார்த்துக்கொண்டிருக்கிறாராம். மேலே டங் டங்கென்று சத்தம். "போயிட்டு வர்றேன்ப்பா" என்று கீழேயிருந்து கத்தினேன். சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் திரும்ப டங் டங்.

கல்நெஞ்சக்காரர். நான் மட்டும் என்ன, அவர் மகள்தானே.

2 டிசம்பர், செவ்வாய். ஸ்லைகோ

கையைத் தூக்கினேன். பெரிய மண்டபம், எத்தனையோ நாட்டு ஜனம். அம்மாவின் அரக்குப் புடவை கட்டிக்கொண்டு போனேன், மேலே குளிர் கோட்டு, பார்க்க நன்றாகவே இல்லை. என் குரல் நடுங்கவில்லை. வெளியே வந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அழுதால் என்ன? தாலி கட்டும்போதும்தான் அழுகிறார்கள், வேண்டாம் என்றா அர்த்தம்?

இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொன்னேன். தலையாட்டினார்.

வீட்டுக்குப் போன் போட்டேன். டெனிஸ் வாழ்த்தினான். அம்மா அழுதாள். அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். தோட்டத்தில் இருக்கிறாராம். இருட்டில் என்ன தோட்டம்? சாவியை அவர்தான் வாங்கி இடுப்பில் முடிந்துவைத்திருக்கிறார் என்று அம்மா சொன்னாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. டெனிஸிடம் கொடுத்துவிடுவார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

26 ஏப்ரல் 2026, ஞாயிறு

விடுமுறை நாள். கஞ்சி எனக்கு மட்டும் கிண்டிக்கொண்டிருந்தேன். டெனிஸிடமிருந்து குரல் செய்தி. கொடைக்கானலில் சீசன், பயல் கொதித்துப்போயிருக்கிறான்.

"அக்கா, அப்பாவை நீயே கேளு. என்னால முடியல. வெள்ளனே சென்னையிலேர்ந்து ஒரு ஃபேமிலி, ரெண்டு கார்ல வந்து நிக்கிறாங்க. பின்னாடி ரூம் ஃபுல்லு. மாடி சும்மாதான கெடக்கு, ரெண்டு நாளைக்கு மட்டும் தொறப்போம்னு சாவி கேட்டா, தரல. படியில போயி குறுக்க உக்காந்துக்கிட்டாரு. அவங்ககிட்டயே நேரா சொல்றாரு, மாடியில ஆள் இருக்குன்னு! அந்தம்மா அண்ணாந்து பாக்குது. லைட்டு எரியுது. கொடியில ஒன் ஸ்வெட்டர் காயுது. காஞ்ச ஸ்வெட்டரைத் தெனமும் எடுத்துத் தெனமும் போடுறாருக்கா! விடிஞ்சா மேல போயி ஒன் அடுப்பைப் பத்தவச்சு அவருக்கு மட்டும் காப்பி போட்டுக் குடிக்கிறாரு. கீழ காப்பி இருக்குல்லன்னு அம்மா கேட்டா, அடுப்பு அணையக் கூடாதுங்கிறாரு. கேஸ் அடுப்புக்கா அது! யாரு சார் மாடியிலன்னு அந்தம்மா கேட்டுச்சு. எம் மக, சோலியா வெளிய போயிருக்கா, வந்துருவாங்கிறாரு. ரெண்டு காரும் திரும்பிப் போயிருச்சு. நீயாச்சும் அவருக்கு எடுத்துச் சொல்லுக்கா."

திரும்பப் போட்டுக் கேட்டேன். இன்னொரு தடவையும் கேட்டேன். கஞ்சி அடிப்பிடித்துக் கருகி, புகை வந்து, கூரையில் இருக்கிற கருவி கத்த ஆரம்பித்துவிட்டது. ஜன்னலைத் திறந்துவிட்டு, ஸ்டூலில் ஏறி அதை அமுக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு டெனிஸுக்குப் பதில் போட்டேன்.

"அப்பா சரியாத்தான்டா சொல்றாரு. மாடியில ஆள் இருக்கு."